அந்த ஒரு அலமாரி: கல்லூரி நூலகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னையில் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் வேலை பார்க்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் எங்களுக்குப் போன் வரும். போய் உட்கார்ந்து, எந்த வழியாக வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள், இன்னும் உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 14 வருடமாக இதுதான் என் பிழைப்பு.

எங்கள் குழுவுக்குப் புதியவர்களை எடுக்க அவ்வப்போது உங்கள் கல்லூரிகளுக்கு வருகிறேன். வந்தால் முதலில் நூலகத்துக்குள் ஒரு நடை போய்விட்டுத்தான் நேர்காணல் அறைக்குப் போவேன். 'சைபர் செக்யூரிட்டி' என்று சீட்டு ஒட்டிய அலமாரியைப் பார்த்தாலே அன்றைக்குப் பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்த அலமாரியைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

அங்கே பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். செமஸ்டர் தேர்வுக்கான கையேடு ஒன்று முப்பது, நாற்பது பிரதி. அதற்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சான்றிதழ் தேர்வுக்கான தடித்த வழிகாட்டிகள். அப்புறம், எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன திரை வரும் என்று பக்கத்துக்கு இரண்டு படம் போட்ட புத்தகங்கள். இவற்றை வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர்கள் கேட்கிறார்கள், விலை குறைவு, ஆய்வுக் குழு வரும்போது பிரதிகளின் எண்ணிக்கை காட்ட வேண்டும். அதையெல்லாம் புரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் இந்த அலமாரியை மட்டும் நம்பி நாலு வருடம் படித்த பிள்ளை எங்கே வந்து நிற்கிறது என்று நேரில் பார்க்கிற இடத்தில் நான் இருக்கிறேன்.

ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். நல்ல மதிப்பெண், கையில் மூன்று சான்றிதழ், தெளிவாகப் பேசுகிற மாணவி.

"ஏம்மா, பென் டிரைவுல ஒரு போட்டோவ டெலிட் பண்ணிட்டோம். அந்தப் போட்டோ எங்க போகும்?"

"ரெக்கவரி டூல்ல ஸ்கேன் குடுத்தா வந்துடும் சார்."

"டூல் எப்படிம்மா கண்டுபிடிக்குது?"

பதில் இல்லை. அவர் படித்த புத்தகத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

என் மடிக்கணினியில் ஒரு சின்ன பென் டிரைவைச் செருகி, உள்ளே இருப்பதை பைட் பைட்டாக எண்களில் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து காட்டினேன். ஃபேட் என்ற கோப்பு முறையில் (கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் ஏற்பாடு) ஃபார்மட் செய்தது. அதில் கல்யாணம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில், சரியாக எட்டெழுத்தில் பெயர் வைத்த ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுக்கான பதிவு மொத்தம் 32 பைட்தான். முதல் பைட் ஹெக்ஸ் எண்முறையில் 4பி, அதாவது கே என்ற எழுத்து. போட்டோவை டெலிட் செய்துவிட்டு அதே இடத்தை மறுபடி திறந்தோம். 4பி இருந்த இடத்தில், அழிக்கப்பட்டது என்பதற்கான குறியான ஈ5 உட்கார்ந்திருந்தது. மீதிப் பெயர் அப்படியே இருந்தது. கோப்பின் அளவு அப்படியே. எந்தக் கிளஸ்டரில், அதாவது வட்டின் எந்தச் சேமிப்புத் துண்டில், தொடங்குகிறது என்ற எண்ணும் அப்படியே. அடுத்தடுத்த கிளஸ்டர்களைக் கோத்து வைக்கும் அட்டவணையில் மட்டும் அந்தப் போட்டோவுக்கு உரிய இடங்கள் பூஜ்யமாகியிருந்தன.

அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் சார், ரெக்கவரி பண்ணினா பேர்ல முதல் எழுத்து மட்டும் இல்லாம வருது!" என்றார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே பிடித்துவிட்டார். ஒரு போட்டோ துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால் ஏன் பாதிதான் திரும்ப வரும் என்ற அடுத்த கேள்விக்கும், கோக்கும் அட்டவணை அழிந்துவிட்டதே என்று அவரே பதில் சொன்னார். பத்து நிமிடம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிடம் அவருக்கு மூன்று வருடம் முன்னாலேயே உங்கள் நூலகத்தில் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கிடைத்திருக்கவும் முடியும். பிரையன் கேரியர் எழுதிய 'ஃபைல் சிஸ்டம் ஃபாரன்சிக் அனாலிசிஸ்' 2005-இலேயே வந்துவிட்டது. ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3 என்று ஒவ்வொரு கோப்பு முறையும் வட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பைட் பைட்டாகப் பிரித்துச் சொல்கிற புத்தகம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்லூத் கிட் என்ற தடயவியல் கருவிகளையும் அவரேதான் எழுதினார். கருவி எழுதியவரே, கருவி இல்லாமலும் பார்ப்பதற்குக் கற்றுக்கொடுக்கிறார்.

புத்தகம் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பதை மாணவர் ஒரு வட்டில், ஒரு மெமரி இமேஜில் (ஓடும் கணினியின் மெமரியை அப்படியே நகலெடுத்த கோப்பு), ஒரு லாக் கோப்பில் (கணினி நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) தானே திறந்து சரிபார்க்க முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். சரிபார்க்க ஒன்றும் இல்லாமல் வரையறைகளும் வகைகளும் மட்டும் இருந்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் திரை மாறியதும் புத்தகமே செல்லாமல் போய்விடும் என்றால், வாங்க வேண்டாம்.

உங்களில் பலர் முதலில் பார்ப்பது பதிப்பு ஆண்டு என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறார்கள். கணினித் துறையில் அது நியாயமாகத் தோன்றும். ஆனால் தடயவியலில் அந்த அளவுகோல் பாதி நேரம் தப்பாகப் போகிறது.

விண்டோஸில் ஒருவர் வெற்றிகரமாக உள்நுழைந்தால் லாக்கில் ஒரு எண் பதிவாகும். எக்ஸ்பி காலத்தில் அது 528. விஸ்டா வந்தபோது அது 4624 ஆகிவிட்டது. பழைய எண்ணோடு 4096-ஐக் கூட்டினால் புதிய எண். கடவுச்சொல் தவறானால் வரும் 529-ம் அதே கணக்கில் 4625 ஆனது. இப்போதைய சர்வரில் 528-ஐத் தேடிவிட்டு, "யாரும் உள்ளே வரவில்லை" என்று எழுதிக் கொடுத்த ஒரு பயிற்சி மாணவரின் அறிக்கையை நான் திருத்தியிருக்கிறேன். அவர் படித்த நூலகப் புத்தகம் எக்ஸ்பி காலத்தது. இங்கே வயது உண்மையிலேயே கெடுத்துவிட்டது.

ஆனால் கேரியரின் புத்தகம் அதைவிடப் புதியது ஒன்றும் இல்லை. அதில் ஃபேட்டைப் பற்றி இருக்கிற அத்தியாயம் இன்றைக்கும் அப்படியே செல்லும். அந்தப் பெண்ணுக்கு நான் காட்டிய ஈ5 அதற்குச் சாட்சி. என்டிஎஃப்எஸ் நேரத்தை 1601 ஜனவரி 1-இலிருந்து, ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி எண்ணி வைக்கிறது என்பதும் மாறவில்லை. அதே புத்தகத்தில் எக்ஸ்ட்4 இல்லை, ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் இல்லை. எஸ்எஸ்டி வட்டில், அழித்த இடத்தைத் துடைத்துவிடச் சொல்லும் டிரிம் வேலை செய்தால் அழித்த தரவு திரும்ப வரும் என்று நம்ப முடியாது என்பதையும் வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும். ஒரே புத்தகத்துக்குள் செல்லுகிற பக்கமும் இருக்கிறது, போதாத பக்கமும் இருக்கிறது.

அதனால் ஒரு யோசனை. இந்தத் துறைப் புத்தகம் எதை வாங்கினாலும் அட்டையின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். இந்தப் புத்தகம் வந்த பிறகு என்னென்ன மாறியிருக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் நாலு வரி எழுதினால் போதும். அடுத்த வருடம் படிக்கிற மாணவர் ஐந்தாவது வரி சேர்ப்பார். மெமரி தடயவியலுக்கு இன்றும் முதன்மையான புத்தகம் 2014-இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் மெமரி ஃபாரன்சிக்ஸ்'. மெமரியை ஆராயும் வோலட்டிலிட்டி கருவியோடு நெருக்கமாக இருந்த நான்கு பேர் சேர்ந்து எழுதியது. அதில் உள்ள கட்டளைகள் வோலட்டிலிட்டியின் இரண்டாம் பதிப்புக்கானவை, அது பைத்தான் 2-இல் ஓடியது. இப்போது எல்லோரும் மூன்றாம் பதிப்புக்குப் போய்விட்டார்கள், கட்டளைகள் மாறிவிட்டன. இந்த ஒரு வரி அட்டையில் இல்லாததால், கட்டளை ஓடவில்லை என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டளைதான் மாறியது. ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், மெமரியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அது பட்டியலிலிருந்து தன்னை எப்படி ஒளித்துக்கொள்கிறது என்று அந்தப் புத்தகம் விளக்குகிற விதத்துக்கு இன்னும் ஈடு இல்லை.

மெமரியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு சொந்தக் காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு நிறுவனத்தின் சர்வர் இரவில் வெளியே எங்கோ தரவு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். நான்தான் முதலில் போனேன். என் கல்லூரி நூலகத்தில் இந்தப் பொருளில் இருந்த ஒரே புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். சந்தேகத்துக்குரிய கணினியைக் கண்டால் முதல் வேலையாக மின்கம்பியைப் பிடுங்கு என்று அது சொல்லியிருந்தது. வட்டில் ஒரு பைட்கூட மாறக் கூடாது என்ற எண்ணத்தில் அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பிடுங்கினேன். வட்டை இமேஜ் எடுத்து, அதாவது பைட் விடாமல் நகலெடுத்து, மூன்று நாள் தேடினோம். ஒன்றும் இல்லை. அந்த நிரல் மெமரியில் மட்டுமே ஓடியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த புராசஸ், திறந்திருந்த இணைப்பு, எதிர்முனை முகவரி எல்லாம் நான் கம்பியைப் பிடுங்கிய அந்த நொடியில் போய்விட்டன. அவர்களிடமிருந்து என்ன களவு போனது என்று எங்களால் கடைசி வரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நிறுவனத்தின் கணக்கர், வயதில் பெரியவர், "தம்பி, என்ன போச்சுன்னாவது சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் இன்னொன்று. எதை முதலில் சேகரிக்க வேண்டும், எது சீக்கிரம் அழியும், எது நின்று பேசும் என்ற வரிசையைச் சொல்லும் ஆர்எஃப்சி 3227 என்ற ஆவணம் 2002 பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. பத்தே பக்கம், இலவசம். ஆதாரம் சேகரித்து முடிக்கும் வரை கணினியை அணைக்க வேண்டாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே இருந்த பத்துப் பக்கம். அதை யாராவது அச்செடுத்து அந்த அலமாரியில் வைத்திருந்தால் நான் அந்தக் கம்பியைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஆகவே புத்தகம் வாங்குவதற்கு முன்னால், காசில்லாமல் கிடைப்பதை அச்செடுத்து பைண்ட் செய்து வையுங்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-61 என்ற வழிகாட்டி, இன்சிடென்ட் ரெஸ்பான்ஸுக்கு உலகம் முழுக்க அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுவது. அதன் மூன்றாவது திருத்தம் 2025 ஏப்ரலில் வந்து, 2012-இல் வந்த இரண்டாவது திருத்தத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. என் அபிப்பிராயம், மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். புதியது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குப் பொருத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. முதன்முறை படிப்பவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிற விளக்கம் பழையதில்தான் அதிகம். கூடவே 2006-இல் வந்த 800-86. தடயவியலையும் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸையும் எப்படி இணைப்பது என்று சொல்வது அது.

நம் நாட்டுக்கு உரியதையும் இதே பைண்டிங்கில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் அது இருக்காது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நேர்காணலில் இதைக் கேட்டால் பத்தில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் இரவே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 6 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்கியது?

சட்டமும் மாறியிருக்கிறது. மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் என்றால் 65பி என்று உங்கள் புத்தகங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. இப்போது அது 63-ஆம் பிரிவு. சான்றிதழின் படிவமே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியை ஆதாரத்தை அளிப்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, எழுத வேண்டும். ஒரு கோப்பின் ஹேஷ் எடுத்து, அந்தப் படிவத்தைத் தன் கையால் ஒரு முறை நிரப்பிப் பார்த்த மாணவர் ஹேஷ் என்றால் என்ன என்பதை வாழ்நாளில் மறக்க மாட்டார். அந்தப் படிவத்தை ஐம்பது நகல் எடுத்து நூலகத்தில் வைக்க என்ன செலவாகிவிடும்?

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். கேரியரையும் மெமரி புத்தகத்தையும் சொல்லிவிட்டேன். விசாரணையை நடத்துவது எப்படி என்பதற்கு லட்ஜென்ஸ், பெபே, மாண்டியா மூவரும் எழுதிய 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஃபாரன்சிக்ஸ்'. மூன்றாம் பதிப்புதான் வேண்டும், 2014-இல் வந்தது. 2001-இல் வந்த முதல் பதிப்பை யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் அதைப் பாடத்துக்கு வைக்காதீர்கள். குறிப்பெடுப்பது, கிடைத்த துப்பை அடுத்த தேடலுக்குப் பயன்படுத்துவது, எல்லாம் தெரியும் முன்னால் அவசரப்பட்டு எதிராளியை உஷார்ப்படுத்திவிடாமல் இருப்பது, கடைசியில் எப்படிச் சுத்தம் செய்து வெளியேற்றுவது என்று முழு வேலையையும் சொல்லும் புத்தகம் இதைப் போல இன்னொன்று நான் பார்க்கவில்லை. அதில் இல்லாத பிற்காலத்து விஷயங்களுக்கு 2020-இல் ஸ்டீவ் ஆன்சன் எழுதிய 'அப்ளைட் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ்' கை கொடுக்கும். லினக்ஸுக்கு புரூஸ் நிக்கலின் 'பிராக்டிகல் லினக்ஸ் ஃபாரன்சிக்ஸ்'. தீய நிரல்களைப் பிரித்துப் பார்க்க, 2012-இல் வந்த 'பிராக்டிகல் மால்வேர் அனாலிசிஸ்'. இதற்கான பயிற்சிக் கோப்புகளைத் கணினிக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில்தான் திறக்க வேண்டும் என்று அட்டைத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள். நெட்வொர்க்கில் கண் வைக்கக் கற்க ரிச்சர்ட் பெய்ட்லிக்கின் 'தி பிராக்டிஸ் ஆஃப் நெட்வொர்க் செக்யூரிட்டி மானிட்டரிங்'. இவ்வளவுதான். ஏழெட்டுத் தலைப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஒன்று வீட்டுக்குக் கொடுக்க, ஒன்று நூலகத்திலேயே இருக்க. கையேட்டின் நாற்பது பிரதிகளை இருபதாகக் குறைத்தால் இதற்கான பணத்தில் ஒரு பகுதி கிடைத்துவிடும். ஆர்டர் போடும் முன் இந்திய மறுபதிப்பு இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதில் எதையும் நேராகக் கையில் கொடுக்க முடியாது. அவர்களுக்கு ஒரு கதை வேண்டும். அதற்கு 1989-இல் வந்த 'தி குக்கூஸ் எக்' போதும். நடந்த கதை. எழுதியவர் கிளிஃப் ஸ்டால், அடிப்படையில் வானியல் படித்தவர். 1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அந்த முக்கால் டாலர் எங்கே போனது என்று பார்க்க உட்கார்ந்தவர், உள்ளே நுழைந்திருந்த ஆளை ஜெர்மனியின் ஹனோவர் வரைக்கும் பின்தொடர்ந்து போனார். உள்ளே வந்தவர் தட்டுவதையெல்லாம் பிரிண்டரில் காகிதமாக எடுத்தார். ஒவ்வொரு நாளும் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதினார். அதில் வரும் கணினிகள் இன்று எங்கும் கிடையாது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் பிசகை விட்டுவிடாத பிடிவாதத்தை வேறு எந்தப் பாடப்புத்தகமும் அப்படி ஊட்டவில்லை. என் குழுவில் சேருகிற எல்லோருக்கும் முதல் வாரம் இதைத்தான் கொடுக்கிறேன்.

புத்தகத்தோடு சேர்த்து இன்னொன்றும் வாங்க வேண்டும். வாங்க வேண்டும் என்பதுகூடத் தவறு, இலவசம்தான். பயிற்சிக்கான வட்டு இமேஜ்கள். நான் படித்த கல்லூரியில், பின்னட்டையில் டிவிடி வைத்த ஒரு நல்ல தடயவியல் புத்தகம் வாங்கியிருந்தார்கள் என்று படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது. புத்தகத்தைப் பாதுகாப்பாகப் பூட்டி வைத்திருந்தார்கள். டிவிடி தொலைந்துவிடும் என்று அதைத் தனியாக எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயமும் டிவிடியில் இருக்கும் ஆதாரத்தைத் திறந்து பார் என்றுதான் தொடங்கும். டிவிடி இல்லாத அந்தப் புத்தகம், விடைத்தாள் மட்டும் இருந்து கேள்வித்தாள் இல்லாத மாதிரி.

இப்போது அந்தச் சிக்கல் இல்லை. நிஸ்ட் நிறுவனம் தன் சிஎஃப்ரெட்ஸ் தொகுப்பில் பயிற்சி இமேஜ்களை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. டிஜிட்டல் கார்ப்போரா என்ற தொகுப்பும் அப்படியே. சிஎஃப்ரெட்ஸில் ஒரு பழைய வழக்கு உண்டு, கற்பனை வழக்குதான். 2004 செப்டம்பர் 20 அன்று கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டெல் மடிக்கணினி, கூடவே ஒரு வயர்லெஸ் கார்டு, கையால் செய்த ஆன்டெனா. அதன் சொந்தக்காரர் 'மிஸ்டர் ஈவில்' என்ற பெயரில் உலவியவர்தானா என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்கிற முதல் கேள்வியே, இமேஜின் ஹேஷ் என்ன, எடுத்தபோது இருந்ததும் இப்போது சரிபார்த்ததும் ஒன்றாக இருக்கிறதா என்பது. நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கும்போது கேட்கப்போகிற முதல் கேள்வியும் அதுதான். நூலகத்தில் ஒரே ஒரு கணினியை ஒதுக்கி, இந்த இமேஜ்களையும் இலவசக் கருவிகளையும் அதில் ஏற்றி, அலமாரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இணையம் மெதுவாக இருக்கிற கல்லூரியில் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே பல ஜிபி இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. ஒருமுறை இறக்கி வைத்தால் எல்லோருக்கும் ஆகும்.

புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வட்டைத் திறக்கப் பழகாதவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்தில் கோப்புகள் திருடு போன நேரம் லாக்கில் 20:30 என்று இருந்தது. அங்கிருந்த தொழில்நுட்ப ஆள் அதை இரவு எட்டரை என்று எடுத்துக்கொண்டார். அன்று எட்டரை மணிக்கு அலுவலகத்தில் தனியாக இருந்தவர் ஓர் இளம் ஊழியர். இரண்டு நாள் அவரை உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்த லாக் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருந்தது. நம் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கடவுச்சொல்லை வெளியிலிருந்து யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். எந்தப் பதிவு யூடிசியில் எழுதுகிறது, எது உள்ளூர் நேரத்தில் எழுதுகிறது என்று நல்ல புத்தகம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எச்சரித்துக்கொண்டே போகும். என்டிஎஃப்எஸ் யூடிசியில் வைக்கிறது, பென் டிரைவில் இருக்கும் ஃபேட் உள்ளூர் நேரத்தில் வைக்கிறது. ஒரே வழக்கில் இரண்டும் வரும். ஒரு வரியைத் தவறாகப் படித்தால் ஒரு மனிதரின் வேலை போகும், மானம் போகும்.

நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், 2019 அக்டோபரை நினைவுபடுத்த விரும்புகிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீய நிரல் இருந்தது என்று செய்தி வந்தது. நிலையத்திலிருந்து முதலில் மறுத்தார்கள். மறுநாளே, அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் அதை உறுதிப்படுத்தியது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் இருந்தது என்றும், முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும், செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே தங்களுக்குத் தெரிவித்தது என்றும் அறிவித்தது. "உள் நெட்வொர்க்கைத் தொடவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல, யாரோ சில பேர் வட்டையும் லாக்கையும் வரி வரியாகப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை அப்படிப் பார்க்கப்போவது திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையாக இருக்கலாம்.

அப்புறம், மொழி. நான் மேலே சொன்னதெல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதல் இருபது பக்கத்திலேயே தயங்கி நிற்கிறார்கள். அறிவு குறைவினால் அல்ல, அந்த ஆங்கில நடை புதிது என்பதால். இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படித்தான் கரையேறினேன். வாரத்தில் ஒரு மணி நேரம், பத்துப் பேர், ஒரே அத்தியாயம். ஆங்கிலத்தில் படிப்பது, தமிழில் பேசுவது, ஹெக்ஸ் எடிட்டரில் பார்ப்பது. 'கிளஸ்டர் செயின் அறுந்துபோச்சுடா' என்று ஒருவன் சொல்லும்போது மற்ற ஒன்பது பேருக்கும் விளங்கிவிடும். அதைச் சொல்கிற பிள்ளையின் வாயாலேயே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வாங்கி, அதையும் அந்தப் புத்தகத்துக்குள் வையுங்கள். நாலு வருடத்தில் உங்கள் நூலகத்திடம் தமிழில் ஒரு தடயவியல் குறிப்பேடு சேர்ந்துவிடும்.

ஜூனில் கல்லூரி திறக்கும், கொள்முதல் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும். அதில் இந்த ஏழெட்டுத் தலைப்புகளையும் எழுதுங்கள். அந்த வாசிப்பு வட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். எங்கள் குழுவில் இன்னும் மூன்று பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். பயணச் செலவோ சன்மானமோ வேண்டாம். பென் டிரைவும் ஹெக்ஸ் எடிட்டரும் நாங்களே கொண்டுவருகிறோம். ஒரு மேசையும், பிளக் பாயின்டும், திறந்து வைத்த அலமாரியும் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்,
சென்னை